வட்டக்காய் வட்டிலப்பம்

2024 ஒக்டோபர் நடுப்பகுதியில் மகளின் பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது. ஹலோவீன் விழா. 31ஆம் திகதிதான் உரிய நாளாம். ஆனால் அந்த வருடம் அன்றைக்குத் தீபாவளி. விடுமுறை நாளில் பேய்களுக்கு யார் கேற் திறந்து விடுவது? ஆகவே ஒரு நாள் முந்தி, புதன்கிழமையே அவற்றை அழைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பேய் வேடத்தில் வர வேண்டும். கண், மூக்கு, வாய் குடைந்த பூசணிக்காய் ஒன்று. வீட்டில் பேக் பண்ணிய தின்பண்டம் ஒன்று. கைவேலைக்காகச் சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் இலையுதிர்கால இலைகள் பத்து.

கடைசியில் ஒரு வரி: இலைகள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பேராதனையில் ஒக்டோபரில் நன்றாகக் காய்ந்த ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள், நான் அதற்குக் கற்பூரம் காட்டுகிறேன். காலை வெயில் நல்ல பிள்ளை போல் கைகட்டி நிற்கும். இரண்டரைக்கு ஹந்தானை மலைக்குப் பின்னால் யாரோ அலுமாரி இழுக்கிற சத்தம் கேட்கும். மூன்று மணிக்கு மழை. எங்கள் விறாந்தைக் கொடியில் மகளின் பாடசாலைச் சொக்ஸ் ஒரு கிழமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் முதலில் காய வைக்க வேண்டும், இலை பிறகு.

இலையுதிர்காலம் என்ற சொல்லே நாம் பாடப்புத்தகத்துக்காகத் தைத்துக்கொண்ட சட்டை. நமக்குப் பருவம் ஆறு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தொல்காப்பியம் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குக் கொடுத்து, நாளில் நள்ளிரவையும் அதற்கே ஒதுக்கிவிட்டது. மலை, குளிர், நடுச்சாமம். பேய்க்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஸ்கொட்லாந்திலும் கிடையாது. தொல்காப்பியர் என்னவோ அந்த நேரத்தில் காதலர்களை அனுப்பிவிட்டார். எங்கள் பல்கலைக்கழக வளாகக் கோயிலிலும் இருப்பவர் குறிஞ்சிக்குமரன்தான். அவரும் காதலித்துக் கல்யாணம் செய்தவர். பேய்க்கு இங்கே இடமே ஒதுக்கப்படவில்லை.

சரி, பத்து இலை. தாவரவியல் பூங்கா பக்கத்தில்தானே இருக்கிறது, 147 ஏக்கர், 1821இல் தொடங்கியது, உலகத்து மரமெல்லாம் அங்கே வந்து குடியிருக்கிறது, ஒன்றாவது சிவந்திருக்காதா என்று சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அரசப் பனை வரிசை பச்சை. மூங்கில் பச்சை. 1901இல் பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகப் போகிறவர் நட்டுவிட்டுப் போன நாகலிங்க மரமும் பச்சை. ஐப்பசி மழையில் குளித்து எழும்பி எல்லாம் கொழுகொழுவென்று நிற்கின்றன. உதிர்கிற எண்ணம் ஒன்றுக்கும் இல்லை. கீழே கிடந்த இரண்டொன்றைக் கூட்டுகிற அம்மா ஒருவர் ஈர்க்குத் தும்புத்தடியால் எங்களுக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போனார். நாங்கள் பின்னால் ஓட, அவர் நாங்கள் ஏதோ விலாசம் கேட்கிறோம் என்று நினைத்து வாசலுக்குப் போகிற வழியைக் காட்டினார்.

ஆனால் திரும்பும் நேரத்தில் மேலே பார்த்த மகள் என் கையை நசுக்கினாள். மரங்களில் பழந்தின்னி வௌவால்கள். பத்து இருபது அல்ல, ஆயிரக்கணக்கில், குடையை மடித்துத் தொங்கவிட்ட மாதிரி. ஒன்று செட்டையை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேலே வரும். பின்னேரம் இருட்டத் தொடங்க, அவை மகாவலிக்கு மேலாகக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். எங்கள் வீட்டுக்கு மேலாலும் போகும். இதே நேரத்தில் கண்டியில் ஒரு கடையில் பிளாஸ்டிக் வௌவால் ஆறு ஒரு பக்கெற்றாக விற்றுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பக்கெற் வாங்கியிருந்தேன் என்பதை மகள் முன்னால் சொல்லவில்லை.

இலை கிடைத்தது எங்கள் ஒழுங்கை முனையிலிருக்கும் கொட்டங்காய் மரத்தடியில். சிங்களத்தில் கொட்டம்பா. அது ஒன்றுதான் இந்த ஊரில் மேல்நாட்டு முறைப்படி இலையைச் சிவப்பாக்கி விடுகிற மரம். அதுவும் பருவம் பார்த்து அல்ல, தன் மனம்போல. பத்து இலை பொறுக்கி, வீரகேசரிக்குள் மடித்து, மேலே மினுக்கியை வைத்து என் கணவர் தேய்த்தார். முதல் இலை பொரிந்த அப்பளம். இரண்டாவது இலை, தலையங்கத்தைத் தன் முதுகில் பதித்துக்கொண்டு வெளியே வந்தது. ஏழு தப்பின. அடுத்த நாள் அலுவலகத்துக்கு இவர் போட்டுப்போன வெள்ளைச் சேர்ட்டில் மட்டும் இலையுதிர்காலம் நன்றாகப் பிடித்திருந்தது.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து தீபாவளிக்கு பஸ்ஸில் வந்து இறங்கியது இந்தக் கட்டத்தில்.

முதல் இரவே பிரச்சினை. நடுச்சாமத்தில் தகரக் கூரையில் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அம்மா எழும்பி வந்து என்னைத் தட்டினார்.

"பிள்ளை, ஆரோ வீட்டுக்குக் கல்லெறியினம்."

"அது பக்கத்து வீட்டுச் சாதிக்காய் மரம், அம்மா. காய் விழுகுது."

"இரவிலை ஏன் விழுகுது?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அம்மாவின் ஊரில் இரவில் கூரைக்குக் கல் விழுந்தால் அது குறளி, இல்லாவிட்டால் காணிப் பிரச்சினை. சாதிக்காய் என்று ஒரு மூன்றாவது வகை இருப்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

காலையில் ஹலோவீனை விளக்கினேன். செத்தவர்களின் ஆவிகள் திரும்பி வருகிற இரவாம், அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்து வழக்கமாம், அங்கே முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்களாம், அமெரிக்காவுக்குக் குடிபோன பிறகு அங்கே பூசணி பெரிதாகவும் மெதுவாகவும் இருந்ததால் அதற்கு மாறிவிட்டார்களாம், பிள்ளைகள் பேய் மாதிரி உடுத்திக்கொண்டு வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்பார்களாம்.

அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "வீடு வீடாப் போய்க் கேக்கிறதோ? தகப்பன் உழைக்கிறாரெல்லே?"

ஸ்கொட்லாந்து என்றவுடன் எனக்கு ஜேம்ஸ் டெயிலர் ஞாபகம் வந்தார். இங்கிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாகப் போனால் வருகிற லூல்கந்துரவில் 1867இல் தேயிலை போட்டவர். 1852இல் பதினாறு பதினேழு வயதுப் பொடியனாகக் கப்பலேறி வந்து, 1892இல் இறந்து, கண்டி மகியாவை மயானத்தில் கிடக்கிறார். ஊரில் அவரும் டர்னிப் குடைந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இந்த மலைகளுக்கு அவரும் அவருடைய ஊர்க்காரரும் தேயிலை, விஸ்கி எல்லாம் கொண்டுவந்தார்கள். பேயை மட்டும் ஏனோ கொண்டுவரவில்லை. லயத்தில் இருந்தவர்கள் தங்களுடைய முனியையும் மாடனையும் கூட்டிவந்ததைப் பார்த்து, இருக்கிறதே போதும் என்று விட்டிருக்கலாம். அந்தப் பேய் நூற்றைம்பது வருடம் பிந்தி, அமெரிக்கா சுற்றி, வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கிறது.

பூசணிக்காய் வாங்கப் போனேன். எங்கள் பக்கத்தில் வட்டக்காய் என்றுதான் கேட்க வேண்டும். வட்டக்காய் இங்கே துண்டாக விற்கிற பொருள். கடைக்காரத் தம்பி கத்தியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, "எவ்வளவு மிஸ், கால் கிலோவா?" என்றார்.

"முழுசாக ஒன்று."

கத்தி கீழே இறங்கியது. "வீட்ல தானமா மிஸ்?"

"இல்லை. வெளியே மஞ்சளாக, உருண்டையாக, வழுவழுவென்று இருக்க வேண்டும்."

அவர் பரிவோடு என்னைப் பார்த்தார். "உள்ளுக்குத்தான் மஞ்சள், மிஸ்."

உண்மை. நமது வட்டக்காய் வெளியே பச்சை, அதில் சொறி, சப்பட்டை உடம்பு, மடிப்பு மடிப்பாக இடுப்பு. படத்தில் சிரிக்கிற அமெரிக்கக் காய்க்கு ஒன்றுவிட்ட பெரியம்மா மாதிரி. ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவையில் மரக்கறி ஆராய்ச்சி செய்கிற ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே யாராவது தோலும் மஞ்சளான ஒன்றை வைத்திருப்பார்களா என்று கேட்க நினைத்தேன். விவசாய ஆராய்ச்சிக்காரரிடம் போய், சாப்பிட அல்ல, பல்லு வெட்ட என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆறு கிலோக் காயை மேசையில் வைத்துக் கத்தியை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்தார். "முழுப் பூசணியைப் பொம்பிளையள் வெட்டக் கூடாது."

"ஏன்?"

"கூடாதெண்டால் கூடாது. தம்பியைக் கூப்பிடு."

தம்பி என்பது இவர். இவர் எதையும் வீடியோ பார்க்காமல் தொடுவதில்லை. வீடியோவில் ஒருவர் பூசணியின் தலையைத் தொப்பி போலக் கழற்றி, ஐஸ்கிறீம் வழிப்பது போல உள்ளே கரண்டியால் வழித்தார். இவர் குத்திய கத்தி நின்ற இடத்திலேயே நின்றது. பிடி மட்டும் கையோடு வந்தது. வெளியே போய் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அது அம்மா சீதனமாகத் தந்த மேசை.

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டில் மேல்மாடி கட்டுகிற பாஸ். அங்கே கொங்கிறீற் தூணில் கிழிந்த சேர்ட்டும் பானைத் தலையுமாக ஒரு வெருளி தொங்குகிறது. சிங்களத்தில் பம்பயா. கட்டுகிற வீட்டுக்குக் கண்படாமல் இருக்கக் கட்டுவது. நான் மதிலுக்கு இங்கால் நின்று என் அரைகுறைச் சிங்களத்தில் ஹலோவீனை விளக்கினேன்: காயில் முகம் வெட்ட வேண்டும், பயங்கரமாக இருக்க வேண்டும், உள்ளே விளக்கு, நல்லதற்குத்தான்.

பாஸ் முகம் மலர்ந்தது. "ஆ, எஸ்வஹவுக்கா!"

எஸ்வஹ என்றால் கண்ணூறு. இரண்டு கிழமையாக எனக்கே பிடிபடாத விஷயம் அவருக்கு இரண்டு வினாடியில் பிடிபட்டது. காயை வாங்கி, செங்கலின் மேல் வைத்து, ஓடு வெட்டுகிற கிறைண்டரை எடுத்தார். மஞ்சள் தூள் பறந்தது. முகத்தில் இவரும் நானும் மகளும் பூசணியாகி நின்றோம். பாஸுக்கு மாதிரிப்படம் காட்டினேன். அவர் அந்தச் சிரிக்கிற முக்கோணக் கண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இது சரிவராது. இதைப் பார்த்து யார் பயப்படுவார்? தன் கைப்பழக்கத்தில் வெட்டினார். பிதுங்கிய கண், விரிந்த மூக்கு, இரண்டு பக்கமும் கோரைப்பல், நடுவே தொங்குகிற நாக்கு. சிங்களப் பேயாட்டத்துக் கரா யக்கா முகமூடி அப்படியே இறங்கி வந்து வட்டக்காயில் உட்கார்ந்த மாதிரி.

"இதுதான் முகம்," என்றார் அம்மா. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் எதையும் பாராட்டியது அதுதான் முதல்தடவை.

வெட்டிய தசை இரண்டு கிலோ. அதில் கேக் செய்வதென்று தீர்மானம். செய்முறையில் 'பூசணி மசாலா ஒன்றரைக் கரண்டி' என்று இருந்தது. சுப்பர் மார்க்கெட்டில் இல்லை. 2003இல் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் அந்த வாசனையில் ஒரு கோப்பி இறக்கியதிலிருந்து அங்கே இலையுதிர்காலம் என்றாலே அந்த வாசம்தானாம். மெழுகுதிரியிலும் சவர்க்காரத்திலும்கூடப் போடுகிறார்களாம். இரண்டு கடை ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்து, அது என்னதான் என்று தேடினேன். கறுவா, இஞ்சி, கராம்பு, சாதிக்காய்.

அப்போது கூரையில் 'டொக்' என்றது.

வெளியே போய் அந்த அமெரிக்க இலையுதிர்காலத்தைக் கூரைத் தண்ணீர் பீலியிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன். கராம்பு பக்கத்து வீட்டு அக்கா தந்தார். "நங்கி, கறுவாவும் வேணுமா?" என்று ஒரு முழப் பட்டையையும் சேர்த்து. அம்மாவுக்கு இது பெரிய வெற்றியாகப் பட்டது. பேய் அவங்கட, சரக்கு எங்கட என்றார். கறுவா எங்களுடையதுதான். ஆனால் கராம்பும் சாதிக்காயும் மொலுக்கஸ் தீவுக்காரர், ஏதோ கப்பலில் வந்து இங்கே காணி பிடித்தவர்கள் என்றேன். பூசணியோ சாட்சாத் அமெரிக்கா.

"பூசணியோ?"

"ஓம் அம்மா. நீத்துப்பூசணிதான் இந்தப் பக்கத்துக் காய். இது அங்கயிருந்து வந்தது."

முழுப் பூசணியைப் பொம்பிளையள் வெட்டக் கூடாது என்ற சட்டம் அமெரிக்கக் காய்க்கும் செல்லுமா என்று கேட்க நினைத்து, தீபாவளிப் பலகாரம் சுடுகிறவர் அவர் என்பது ஞாபகம் வந்து, விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு மாவைக் கரைத்து அவணில் வைத்தபோது மணி இரண்டு ஐம்பது. இந்த ஊரில் பதினைந்து வருடம் இருக்கிறவள் செய்கிற வேலையா அது? மூன்று பத்துக்கு ஹந்தானைப் பக்கம் ஒரு மின்னல். கரண்ட் போய்விட்டது. அவண் கண்ணாடிக்குள்ளே கேக் ஓரத்தில் மட்டும் எழும்பி, நடுவில் பேராதனைப் பாதைக் குழி மாதிரித் தளதளத்தது. நான் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு நக்கினார். "உதுக்கேன் மூஞ்சையைத் தூக்கிறாய்? காஸ் இருக்குத்தானே." வெந்த ஓரத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, வேகாத நடுவை வழித்து, தேங்காய்ப்பால் விட்டு, மூன்று முட்டை அடித்து, பக்கத்து வீட்டிலிருந்து கித்துள் கருப்பட்டி ஒரு கட்டி வருவித்துச் சீவிப் போட்டு, ஏலக்காய் தட்டி, கிண்ணங்களில் ஊற்றி, இட்லிச் சட்டியில் வட்டிலப்பமாக அவித்து இறக்கினார். கரண்ட் இரவு ஏழு மணிக்கு வந்தது. அதற்குள் இவர் மூன்று கிண்ணம் முடித்திருந்தார்.

பேக் பண்ணிய தின்பண்டம்தானே கேட்டார்கள், இது பாதி பேக், பாதி ஆவி. பேய் விழாவுக்கு ஆவியில் அவித்ததைக் கொண்டுபோவதில் என்ன தவறு என்று இவர் கேட்டார். அன்றைக்கு அவரோடு நான் அதிகம் பேசவில்லை.

வேடம்தான் மிச்சம். மகளின் வகுப்பில் பதினொரு டிராகுலா, ஒன்பது சூனியக்காரி என்று ஏற்கனவே தகவல். அம்மம்மாவிடம் கேட்டாள், எங்களிடம் என்ன பேய் இருக்கிறது என்று. அம்மா மோகினியில் தொடங்கி, கொள்ளிவாய்ப் பேயில் ஒரு சுற்றுச் சுற்றி, கொத்திக்கு வந்தபோது நான் இடையில் புகுந்து நிறுத்தினேன். கடைசியில் நாளையண்டைக்குத் தீபாவளிதானே என்று நரகாசுரன் கதைக்குத் திரும்பினார். தான் சாகிற நாளை விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்று அவனே கேட்டு வாங்கிய வரம்.

மகள் எழும்பி உட்கார்ந்தாள். "தன்ர பார்ட்டிக்குத் தானே சொன்னவரா?"

முடிவாகிவிட்டது. மாலிபன் பிஸ்கற் பெட்டி மட்டையில் முடி. குப்பை போடுகிற கறுப்புப் பொலித்தீன் பையில் மேலங்கி. கண்மையில் மீசை, காது வரை. அம்மா மீசையை முறுக்கி வரைந்துவிட்டு, அப்பாவின் அப்பாவுக்கு இப்படித்தான் இருந்தது என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

புதன்கிழமை பத்தரைக்கு வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். குரல் மெதுவாக இருந்தது. பூசணிக்காயைப் பார்த்து நேர்சரிப் பிள்ளை ஒன்று அழுததால் அதை அதிபரின் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை. இனிப்பு மிக நன்று, செய்முறை வேண்டும். இன்னொரு விஷயம். உங்கள் மகள் எல்லோரிடமும் நாளை விடியற்காலையில் தன்னை வீட்டில் கொல்லப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டு சொல்கிறாள். எண்ணெய் எல்லாம் வாங்கி வைத்தாயிற்றாம். வீட்டில் எல்லாம் சுகம்தானே?

கிருஷ்ணர், சத்தியபாமா, நரகாசுரன், எண்ணெய் முழுக்கு எல்லாவற்றையும் அலுவலக வாசலில் நின்று இருபது நிமிடம் விளக்கினேன். பக்கத்து மேசைக்காரர்கள் வேலையை நிறுத்திக் கேட்டார்கள்.

வியாழன் விடிய நாலரைக்கு நரகாசுரன் பொலித்தீன் மேலங்கியோடு பலகையில் இருந்தான். அம்மா உச்சியில் எண்ணெய் வைத்து, "செத்தாய்!" என்றார். அவன் மிகுந்த திருப்தியோடு சரிந்து விழுந்தான். குளித்து, பட்டுப் பாவாடை சட்டை போட்டு, கோயிலுக்குப் போய் வந்த பிறகு பார்த்தால் மீசை மறுபடியும் இருக்கிறது.

"நரகாசுரனைத்தான் கொண்டுபோட்டமே?"

"ஓம். செத்த பிறகுதானே பேய்."

பதில் சொல்ல முடியவில்லை. அந்த மீசையோடுதான் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனாள். இனிப்புக் கேட்க அல்ல, கொடுக்க. முறுக்கும் பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் அடுக்கிய பீங்கான், மேலே கடதாசித் துவாய். ஆறு வீடு. எங்கள் ஒழுங்கையில் பீங்கான் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றில் கோழிக்கூட்டு வாழைப்பழம், ஒன்றில் பிஸ்கற், பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து ஒரு கை சாதிக்காய். கேட்காமலே எல்லாம் வந்ததைப் பார்த்து, கேட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே வௌவால்கள் போய்க்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை பாடசாலையிலிருந்து பூசணி வீடு திரும்பியது. அம்மா உள்ளே மிச்சமிருந்த தசையைச் சுரண்டிக் கறி வைத்தார். ஓட்டுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி, நாக்கில் குங்குமம் வைத்து, உறியில் கட்டி கேற்றில் தொங்கவிட்டார். பேத்தியை இந்த இரண்டு நாளில் எத்தனை கண் பார்த்திருக்கும் என்பது அவர் வாதம்.

சனிக்கிழமை சாமான் இறக்க வந்த ஓட்டோக்காரர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார், "மேல்மாடி போடுறீங்களா சேர்?"

இவர் இல்லை என்று சொல்ல வாயெடுக்குமுன், விறாந்தையிலிருந்து அம்மா, "தையிலை தொடங்கிறம்," என்றார்.